கத்துற கோச்சா, அமைதியான கோச்சா? சென்னையின் எஃப்.சி.யின் 11 சீசன் சொல்லும் பதில்

(எபிசோடில் பேசியதை வாசிக்க வசதியாகக் கொஞ்சம் சுருக்கித் திருத்தியிருக்கிறோம். பேச்சு வழக்கை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறோம்.)

போன வாரம் ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்துச்சு. அனுப்பினவர் சேலையூர் பக்கம். பேர் சொல்ல வேணாம்னு கேட்டுக்கிட்டார். அவர் சொன்னதைச் சுருக்கமா சொல்றேன்.

"ப்ரோ, எங்க ஏரியா டீம்ல 18 பேர் இருக்கோம். பாதிப் பேர் வேலைக்குப் போறவங்க, மீதி காலேஜ், ரெண்டு மூணு பேர் பிளஸ் டூ. அஞ்சு வருஷமா ஒரு கோச் சார் இருந்தார். டச்லைன்ல நின்னு 60 நிமிஷமும் கத்துவார். ஆனா கப் அடிச்சிருக்கோம். அவருக்கு உடம்பு முடியலன்னு ஆறு மாசம் வரல. அந்த கேப்ல இன்னொருத்தர் வந்தார். கத்தவே மாட்டார், நோட்டுல எழுதிக்கிட்டே இருப்பார். பாஸ் பண்ணி ஆடச் சொல்றார். ஆட நல்லா இருக்கு, ஆனா தோத்துட்டே இருக்கோம். இப்போ பழைய சார் திரும்பி வர்றேங்கறார். டீம் ரெண்டா பிரிஞ்சிருச்சு. ஞாயித்துக்கிழமை ஓட்டெடுப்பு. யாருக்குப் போடறது?"

இதைக் கேட்டதும் சிரிச்சேன். அப்புறம் ரெண்டு நாள் இதையே யோசிச்சிட்டு இருந்தேன். ஏன்னா இது சின்ன கேள்வி இல்ல. 18 பேர் அஞ்சு வருஷமா சேர்ந்து ஆடின டீம் ஞாயித்துக்கிழமையோட உடையலாம்.

இதுக்கு ஐரோப்பாவுல உதாரணம் தேட வேண்டியதில்ல. தாம்பரத்துல லோக்கல் ட்ரெயின் ஏறி பார்க் ஸ்டேஷன்ல இறங்கி, பெரியமேடு நேரு ஸ்டேடியத்துக்கு நடந்து போனவங்க நம்மள்ல நிறைய பேர் இருக்கோம். அங்க 2014-ல இருந்து 2025 வரைக்கும் 11 சீசன். அதுல 6 முழுநேர கோச். ரெண்டு கப், ஒரு ரன்னர்ஸ் அப், ஒரு கடைசி இடம். ஒரே கிளப், ஒரே ஊர், ஆனா கோச் மாற மாற டீமோட முகமே மாறுச்சு. கோச்சிங் ஸ்டைல் என்ன பண்ணும், என்ன பண்ணாதுன்னு புரிஞ்சுக்க இதைவிட நல்ல பாடம் கிடைக்காது.

மட்டராசி: நெருப்பு

முதல்ல மார்கோ மட்டராசி. 2006 உலகக் கோப்பை ஃபைனல்ல ஜிடேன் தலையால முட்டினாரே, அதை வாங்கினவர். அதே மேட்ச்ல இத்தாலிக்கு சமன் கோல் அடிச்சதும் அவர்தான். அது பல பேருக்கு ஞாபகம் இருக்காது.

2014-ல சென்னைக்கு ஆட்டக்காரர், மேனேஜர் ரெண்டுமா வந்தார். அந்த வருஷம் லீக் டேபிள்ல சென்னை முதலிடம். எலானோ 8 கோல் அடிச்சு கோல்டன் பூட் வாங்கினார். செமி ஃபைனல்ல கேரளா பிளாஸ்டர்ஸ்கிட்ட கொச்சியில 0-3. திரும்பி வந்து சென்னையில 90 நிமிஷம் முடியும்போது 3-0. மொத்தம் சமன். ஸ்டேடியமே ஆடிப்போச்சு. எக்ஸ்ட்ரா டைம், 117-வது நிமிஷம், ஸ்டீபன் பியர்சன் ஒரு கோல். முடிஞ்சது.

இந்த ஒரு டை-யிலயே மட்டராசி டீமோட குணம் தெரியும். மூணு கோல் வாங்கும், மூணு கோல் திருப்பிக் குடுக்கும். நடுவுல நிதானம்னு ஒண்ணு கம்மி.

2015 இன்னும் உச்சம். ஒரு கட்டத்துல டேபிள்ல கடைசி. அங்கிருந்து ஏறி வந்து செமிக்குள்ள நுழைஞ்சாங்க. அப்போதான் டிசம்பர் வெள்ளம். நம்ம பக்கத்து ஆட்களுக்கு அந்த தேதி சொல்லத் தேவையில்ல. டிசம்பர் 2 காலையோட முடிஞ்ச 24 மணி நேரத்துல தாம்பரத்துல 49 செ.மீ. மழை. முடிச்சூர், வரதராஜபுரம் எல்லாம் படகுலதான் ஆட்களை வெளிய கொண்டு வந்தாங்க. கரண்ட் இல்ல, நெட்வொர்க் இல்ல. சென்னையில நடக்க வேண்டிய செமி ஃபைனல் புனேவுக்குப் போச்சு. சொந்த ஊர் இல்லாத 'ஹோம்' மேட்ச்ல நடப்பு சாம்பியன் கொல்கத்தாவை 3-0. ரெண்டாவது மேட்ச்ல 1-2 தோத்தும் ஃபைனல்.

டிசம்பர் 20, கோவா ஃபதோர்டா. 87-வது நிமிஷத்துல ஜோஃப்ரே ஃப்ரீ கிக்ல கோவா 2-1. அவ்வளவுதான்னு நினைச்சோம். 90-வது நிமிஷத்துல கோவா கோல் கீப்பர் கட்டிமணி மேல பட்டு ஓன் கோல். அடுத்த ரெண்டு நிமிஷத்துல ஸ்டீவன் மெண்டோசா. 3-2. மெண்டோசாவுக்கு அந்த சீசன்ல 13 கோல், கோல்டன் பூட்.

இதுல கோச் என்ன பண்ணார்? அந்த டிரெஸ்ஸிங் ரூமை யோசிச்சுப் பாருங்க. பிரேசில்ல இருந்து எலானோ, பெலிசாரி. கொலம்பியாவுல இருந்து மெண்டோசா. மிசோரம் ஜேஜே, மணிப்பூர் தனசந்திரா, பஞ்சாப் காப்ரா. எத்தனை மொழி! ரெண்டு மூணு மாசத்துல முடியற லீக். அங்க நுணுக்கமான சிஸ்டம் சொல்லிக் குடுக்க நேரமும் இல்ல, பொது மொழியும் இல்ல. ஆனா கோபமும் நம்பிக்கையும் மொழிபெயர்ப்பு இல்லாமலே போய்ச் சேரும். குறுகிய டோர்னமெண்ட்டுக்கு அந்த ஸ்டைல் பொருந்துச்சு.

பிரச்சனை என்னன்னா, நெருப்பு தினமும் அதே உயரத்துல எரியாது. 2016-ல மெண்டோசா இல்ல, எலானோ இல்ல. 8 டீம்ல 7-வது. 2017-ல மட்டராசி கிளம்பிட்டார்.

கிரிகரி: பூட்டு

அடுத்து ஜான் கிரிகரி. இங்கிலாந்துக்காரர், ஆஸ்டன் வில்லா மேனேஜரா இருந்தவர். 2017-18 சீசனோட முதல் மேட்ச்ல சொந்த மண்ணுல கோவாகிட்ட 2-3 தோல்வி. முதல் பாதியிலேயே மூணு வாங்கியாச்சு. இதுவும் அதே கதைதான்னு பேசிக்கிட்டோம்.

ஆனா அதுக்கப்புறம் டீம் மெதுவா பூட்டிக்கிச்சு. நடுவுல செரெனோ, மெய்ல்சன் ஆல்வெஸ்னு ரெண்டு சென்டர் பேக். அவங்களுக்கு முன்னாடி நம்ம வியாசர்பாடி பையன் தனபால் கணேஷ். பந்து எதிராளிகிட்ட இருந்தா பரவாயில்ல, ஆனா ஆபத்தான இடத்துல இருக்கக் கூடாது. கிடைக்கிற கார்னர், ஃப்ரீ கிக் எதையும் வீணாக்கக் கூடாது. பார்க்க எல்லா மேட்சும் சுவாரசியமா இருந்துச்சுன்னு சொல்ல மாட்டேன். ஆனா ஜெயிச்சாங்க. 32 பாயிண்ட், ரெண்டாவது இடம்.

செமியில அதே கோவா. லீக்ல அதிக கோல் அடிச்ச டீம். அங்க 1-1, சென்னையில 3-0. ஜேஜே ரெண்டு, தனபால் கணேஷ் ஒண்ணு. முதல் மேட்ச்ல மூணு கோல் போட்ட டீமை, சென்னையில நடந்த செமியில ஒண்ணு கூட போட விடல.

2018 மார்ச் 17, பெங்களூரு கண்டீரவா ஸ்டேடியம். எதிர்ல பெங்களூரு எஃப்.சி. கோச் ஆல்பர்ட் ரோகா, பார்சிலோனாவுல ரைக்கார்டுக்கு உதவியாளரா இருந்தவர். லீக்ல 40 பாயிண்ட், நம்மளைவிட 8 அதிகம். அவங்க ஊர், அவங்க கூட்டம். 9-வது நிமிஷத்துல சேத்ரி டைவ் அடிச்சு ஹெட்டர், 1-0. அப்புறம் என்ன ஆச்சு? கார்னர், மெய்ல்சன் ஹெட்டர். இன்னொரு கார்னர், மறுபடியும் மெய்ல்சன் ஹெட்டர். ரெண்டாவது பாதியில ரஃபேல் அகஸ்டோ பாக்ஸுக்கு வெளியே இருந்து ஒண்ணு. கடைசியில மிக்கு ஒண்ணு திருப்பினார். 3-2, கப் சென்னைக்கு.

ரெண்டு வித கோச்சிங் நேருக்கு நேர் மோதின மேட்ச் அது. சீசன் முழுக்க யார் நல்ல டீம்னு கேட்டா, டேபிள் பெங்களூருன்னு சொல்லுது. ஒரு ராத்திரிக்கு யார் தயாரா இருந்தாங்கன்னு கேட்டா, சென்னை. ஒரே மாதிரி ரெண்டு கார்னர் கோல் தற்செயல் இல்ல. ட்ரெயினிங்ல போரடிக்கிற அளவுக்கு திரும்பத் திரும்ப பண்ணினாத்தான் அது வரும். சேலையூர் நண்பா, இந்த இடத்தை ஞாபகம் வெச்சுக்கோங்க. பின்னாடி வர்றேன்.

அதே ஆள், அதே ஸ்டைல், கடைசி இடம்

2018-19. அதே கிரிகரி. நடப்பு சாம்பியன். 18 மேட்ச், 2 வெற்றி, 9 பாயிண்ட். 10 டீம்ல 10-வது.

32-ல இருந்து 9. கோச் மாறல. ஸ்டைல் மாறல. அப்போ என்ன மாறுச்சு? கேப்டன் செரெனோ போயிட்டார். தனபால் கணேஷ் முழங்கால் காயத்துல சீசன் முழுக்க வெளியே. பூட்டுல ரெண்டு லீவர் போயிடுச்சு. ஒரு கோல் வித்தியாசத்துல ஜெயிக்கிற டீமுக்கு இதுதான் ஆபத்து. கொஞ்சம் சறுக்கினா, ஒரு கோல் வித்தியாசத்துல தோக்கற டீமா மாறிடும். அதோட எல்லா டீமும் ஒரு வருஷம் உட்கார்ந்து உங்களைப் பார்த்தாச்சு. எப்படி ஆடுவீங்கன்னு தெரியும்.

இது நம்ம ஊர்ல மட்டும் நடக்கறது இல்ல. லெஸ்டர் சிட்டியை 2016 மே மாசம் பிரீமியர் லீக் சாம்பியனாக்கின ரனியேரியை, 2017 பிப்ரவரியில வேலையை விட்டு அனுப்பினாங்க. 9 மாசம்தான். அங்கயும் கான்டே செல்சீக்குப் போனதும் நடு மைதானம் திறந்துகிச்சு. கோச்சோட ஐடியா தனியா நடக்காது. அதை மைதானத்துல சுமக்கற ரெண்டு மூணு பேர் இருப்பாங்க. அவங்க போனா ஐடியாவும் நொண்டும்.

இப்போ அதே சீசன்ல இன்னொரு பக்கம் பாருங்க. சென்னை சிட்டி எஃப்.சி. பேர்ல சென்னை, ஆனா ஆடினது கோயம்புத்தூர்ல. முந்தின வருஷம் ஐ-லீக்ல 8-வது. கோச்சா சிங்கப்பூர்ல இருந்து அக்பர் நவாஸ் வந்தார். பந்தை வெச்சு ஆடணும், கீழ இருந்து கட்டணும்ங்கறவர். ஸ்பெயின்ல இருந்து பெத்ரோ மான்சி, நெஸ்டர், சாண்ட்ரோ, எஸ்லாவான்னு நாலு பேர். ஒரே மொழி, ஒரே ஃபுட்பால் பள்ளிக்கூடம். அவங்க சுத்தி எட்வின் சிட்னி வான்ஸ்பால், ரொமாரியோ ஜேசுராஜ், ரெஜின் மாதிரி நம்ம பசங்க. 2019 மார்ச் 9, கடைசி நாள், மினர்வா பஞ்சாபை 3-1 ஜெயிச்சு சாம்பியன். சென்னை சிட்டி 43 பாயிண்ட், ஈஸ்ட் பெங்கால் 42. மான்சிக்கு மட்டும் 21 கோல்.

ஒரே மாநிலம், ஒரே வருஷம். பூட்டு போட்டு ஆடின டீம் கடைசி. பாஸ் பண்ணி ஆடின டீம் சாம்பியன். அப்போ பாஸ் பண்ணி ஆடறதுதான் சரியா? அவசரப்படாதீங்க. ஒரு வருஷம் முன்னாடிதான் பூட்டு, பாஸை ஜெயிச்சுது. மாறினது ஸ்டைலோட தரம் இல்ல. அந்த ஸ்டைலுக்கு ஏத்த ஆட்கள் யார்கிட்ட இருந்தாங்கங்கறதுதான்.

காயில்: கதவைத் திறந்து விட்டவர்

எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி இது. 2019-20. கிரிகரியே தொடர்ந்தார். முதல் நாலு மேட்ச்ல ஒரு கோல் கூட இல்ல. ஆறு மேட்ச் முடிவுல 5 பாயிண்ட். நவம்பர் கடைசியில கிரிகரி விலகினார். டிசம்பர் முதல் வாரம் ஓவன் காயில் வந்தார். பர்ன்லி, போல்டன் டீம்களை நடத்தினவர்.

புது ஆள் வாங்க நேரம் இல்ல. அதே வால்ஸ்கிஸ், அதே கிரிவெல்லாரோ, அதே சாங்டே, அதே அனிருத் தாபா. அடுத்த 12 மேட்ச்ல 24 பாயிண்ட். அதாவது மேட்ச்சுக்கு ஒரு பாயிண்ட்டுக்கும் கீழ இருந்த டீம், மேட்ச்சுக்கு ரெண்டு பாயிண்ட் எடுக்க ஆரம்பிச்சுது. 29 பாயிண்ட், நாலாவது இடம், பிளே ஆஃப்.

என்ன மாத்தினார்? வெளியே இருந்து பார்த்த நமக்கே தெரிஞ்சது மூணு விஷயம். டீம் முன்னாடி ஏறி நின்னு ஆட ஆரம்பிச்சுது. கிரிவெல்லாரோவுக்கு பந்து கோல் பக்கத்துல கிடைக்க ஆரம்பிச்சுது. பந்து போனா உடனே பின்னாடி ஓடாம, அங்கேயே நெருக்கிப் பிடுங்கப் பார்த்தாங்க. வால்ஸ்கிஸ் 15 கோல் அடிச்சு கோல்டன் பூட் வாங்கினார். முதல் நாலு மேட்ச்ல கோலே இல்லாத டீம்ல இருந்து!

இதுக்கு விலை இருந்துச்சா? இருந்துச்சு. கோவாவோட செமி ஃபைனல் பாருங்க. சென்னையில 4-1. கோவா போய் 2-4. மொத்தம் 6-5. கதவைத் திறந்து விட்டா காத்து ரெண்டு பக்கமும் வரும். ஃபைனல் 2020 மார்ச் 14, கொரோனா காரணமா ஆளே இல்லாத ஃபதோர்டா ஸ்டேடியம். எதிர்ல ஏ.டி.கே., அவங்க கோச் ஆன்டோனியோ ஹபாஸ். பொறுமையா பின்னாடி நின்னு, சரியான நேரத்துல குத்துற ஆள். 1-3. திறந்த டீமை மூடின டீம் ஜெயிச்சுது. ரெண்டு வருஷம் முன்னாடி நம்ம எந்த வழியில கப் வாங்கினோமோ, அதே வழியில நமக்குப் போச்சு.

இங்க ஒரு எச்சரிக்கை சொல்லணும். புது கோச் வந்ததும் டீம் ஜெயிச்சா, எல்லாப் புகழும் அவருக்கேன்னு சொல்லிடக் கூடாது. கோச்சை எப்போ மாத்துறாங்க? டீம் படுமோசமா இருக்கும்போது. போஸ்ட்ல பட்டு வெளிய போற நேரத்துல. அந்த மோசத்துல கொஞ்சம் துரதிர்ஷ்டமும் இருக்கும். அது எப்படியும் ஒரு நாள் சரியாகும். யார் வந்தாலும் கொஞ்சம் ஏறும். அதனால காயிலோட 24 பாயிண்ட்ல எவ்வளவு அவர், எவ்வளவு இயல்பான ஏற்றம்னு பிரிக்கறது கஷ்டம். ஆனா ஆடின விதமே மாறுச்சே, அது அதிர்ஷ்டத்தால வராது. அடுத்து ஜாம்ஷெட்பூர் போனார், 2021-22-ல லீக் ஷீல்டு வாங்கிக் குடுத்தார். அதையும் கணக்குல வெச்சுக்கணும்.

டிரா, டிரா, டிரா

காயில் போகும்போது வால்ஸ்கிஸும் ஜாம்ஷெட்பூர் போயிட்டார். 2020-21, கோவா பயோ பபிள். கோச் சாபா லாஸ்லோ. 20 மேட்ச், 3 வெற்றி, 6 தோல்வி, 11 டிரா. மொத்தம் 17 கோல். எட்டாவது இடம்.

பல பேர் லாஸ்லோவைத் திட்டினாங்க. நானும் திட்டினேன். இப்போ யோசிச்சா, அந்த டீம் மோசமா ஆடல. வாய்ப்பு உருவாச்சு, முடிக்க ஆள் இல்ல. கிரிவெல்லாரோவும் சீசன் நடுவுல காயம். கோச் ஒரு டீமை எதிராளி பாக்ஸ் வரைக்கும் கூட்டிட்டுப் போக முடியும். கடைசி உதையை அவர் உதைக்க முடியாது. 20 மேட்ச்ல 6 தோல்விங்கறது கெட்ட கணக்கே இல்ல. ஆனா டிராவுக்கு ஒரு பாயிண்ட்தான்.

அடுத்து பண்டோவிச். 2022 பிப்ரவரியில கோவாகிட்ட 0-5 தோத்ததோட அவரும் போனார். மீதி சீசனை சையத் சபீர் பாஷா பார்த்துக்கிட்டார். இவரைப் பத்தி ஒரு வார்த்தை. சென்னைக்காரர், இந்தியன் பேங்க்குக்கு ஆடினவர், இந்தியாவுக்கும் ஆடினவர். வெளிநாட்டு கோச்சுகள் வந்து போய்க்கிட்டே இருக்க, பக்கத்துல உதவி கோச்சா நின்னவர். தலைப்புச் செய்தியில வராத வேலை அது. பெரிய கோச் சொல்றது 19 வயசுப் பையன் காதுல போய்ச் சேர, நடுவுல அவனுக்குப் புரியற ஒருத்தர் வேணும். ஸ்டைல்னு நாம பேசறதுல பாதி, இந்த நடுவுல நிக்கற ஆளோட உழைப்பு.

2023-ல காயில் திரும்பி வந்தார். முதல் சீசன் ஆறாவது இடம், பல வருஷம் கழிச்சு பிளே ஆஃப். எல்லாருக்கும் சந்தோஷம். அடுத்த சீசன், 13 டீம்ல 11-வது. அதே ஆள், அதே கதவு. இந்தத் தடவை காத்து ஒரு பக்கம்தான் அடிச்சுது.

சரி, ஞாயித்துக்கிழமை யாருக்கு ஓட்டு?

சேலையூர் நண்பா, இப்போ உங்க கிட்ட வர்றேன். 'கத்துறவர், அமைதியானவர்'னு பிரிச்சீங்களே, அந்தப் பிரிவே தப்புன்னு நினைக்கறேன். சத்தம் ஒரு குணம். ஸ்டைல்ங்கறது வேற. அதுல ஒரு கேள்விதான் முக்கியம்: எந்த மாதிரி கோல் வாங்கினா இந்த டீமால தாங்க முடியும்? பின்னாடி நின்னு ஆடினா, கடைசி நிமிஷ கார்னர்ல ஒண்ணு வாங்குவீங்க. முன்னாடி ஏறி ஆடினா, கவுண்டர்ல வாங்குவீங்க. வாங்காம இருக்கற வழின்னு ஒண்ணு இல்லவே இல்ல. எந்த கோச்சும் எதைத் தர்றார்னு மட்டும் கேக்காதீங்க. எதை விட்டுக் குடுக்கறார்னு கேளுங்க.

அதனால ஓட்டெடுப்புக்கு முன்னாடி மூணு விஷயம் பாருங்க.

ஒண்ணு, உங்க டீம்ல யார் இருக்கா? புது கோச் சொல்ற மாதிரி பாஸ் பண்ணி ஆட, அழுத்தத்துல பந்தைக் காலடியில வெச்சுக்கற ரெண்டு பேராவது வேணும். அக்பர் நவாஸ்கிட்ட நாலு பேர் இருந்தாங்க. இருந்தா பொறுமையா இருங்க. இல்லன்னா, அழகான ஐடியாவுக்காக மாசக்கணக்கா தோத்துட்டே இருப்பீங்க.

ரெண்டு, உங்ககிட்ட எவ்வளவு நேரம் இருக்கு? வேளச்சேரி, மேடவாக்கம் பக்கம் டர்ஃப் எடுத்து வாரத்துக்கு ஒரு மணி நேரம் சேர்ந்து ஆடறீங்கன்னா, அதுவும் ஷிஃப்ட் வேலை காரணமா பாதிப் பேர் வர்றதில்லன்னா, பெரிய சிஸ்டம் ஏறாது. கிரிகரி வழி போங்க. ரெண்டு கார்னர், ஒரு த்ரோ இன், பந்து போனா யார் எங்க நிக்கணும். அவ்வளவுதான். அதைத் திரும்பத் திரும்ப பண்ணுங்க. இதைப் பழைய சாரும் சொல்லிக் குடுக்கலாம், புது சாரும் சொல்லிக் குடுக்கலாம்.

மூணாவது, இதுதான் எனக்கு மனசுல நிக்குது. உங்க மெசேஜ்ல போற போக்குல ஒண்ணு சொன்னீங்க. பழைய சார் கத்தினதுல பிளஸ் டூ பசங்கள்ல ஒருத்தன் வர்றதையே நிறுத்திட்டான், புது சார் வந்ததும் திரும்பி வந்தான்னு. அதை நீங்க ஒரு வாக்கியத்துல முடிச்சிட்டீங்க. நான் முடிக்க முடியல. மட்டராசி கத்தினா, எதிர்ல நிக்கறவன் சம்பளம் வாங்கற ஆட்டக்காரன். அவனுக்கு ஏஜென்ட் இருக்கார், அடுத்த சீசன் வேற கிளப் இருக்கு. ஏரியா டீம்ல நிக்கற 17 வயசுப் பையனுக்கு வேற கிளப் கிடையாது. அவன் பேக்கைத் தூக்கிட்டு வீட்டுக்குப் போனா, பல நேரம் ஃபுட்பாலை விட்டே போறான். நீங்க அடிச்ச கப் ஷோகேஸ்ல இருக்கும். விட்டுப் போன பையன் கணக்கு எங்கயும் எழுதப்படாது.

அதுக்காக பழைய சாரைத் தள்ளிடுங்கன்னு சொல்லல. அஞ்சு வருஷம், காசு வாங்காம, காலங்காத்தால வந்து நின்ன மனுஷன். நம்ம ஏரியாக்கள்ல ஃபுட்பால் நடக்கறதே இப்படி ஆட்களால. அவர்கிட்ட உட்கார்ந்து பேசலாம். "சார், நீங்க வேணும். மேட்ச் அன்னைக்கு டீமை எழுப்ப உங்களை விட்டா ஆள் இல்ல. ஆனா சின்னப் பசங்ககிட்ட இந்தக் குரல் வேணாம்." இதைச் சொல்ல 18 பேர் ஓட்டு தேவையில்ல. அவர் மேல மரியாதை இருக்கற ரெண்டு பேர் போதும்.

ரெண்டு பேரும் சேர்ந்து பார்த்துக்க முடியுமான்னும் கேட்டுப் பாருங்க. ஒருத்தர் ட்ரெயினிங், ஒருத்தர் மேட்ச். ஈகோ இடிக்கும், தெரியும். முடியாமக்கூடப் போகலாம். ஆனா ஓட்டெடுப்புல ஒரு பக்கம் 10, ஒரு பக்கம் 8 விழுந்தா என்ன நடக்கும்? அந்த 8 பேர் வேற டீம் ஆரம்பிப்பாங்க. அப்புறம் ரெண்டு கோச், ரெண்டு டீம், ரெண்டுலயும் ஞாயித்துக்கிழமை ஆள் பத்தாது.

11 சீசன் பார்த்ததுல நான் கத்துக்கிட்டது இது. எந்த ஸ்டைலும் எல்லா வருஷமும் ஜெயிக்கல. ஆட்கள் மாறும்போது தன்னை மாத்திக்கிட்ட டீம் நின்னுச்சு, மாத்திக்காத டீம் டேபிள்ல இறங்குச்சு. கோச் ஜெயிப்பாரா தோப்பாரான்னு முன்கூட்டி யாராலயும் சொல்ல முடியாது. ஆனா அடுத்த வாரமும் பசங்க பூட்ஸ் எடுத்துட்டு வருவாங்களான்னு ஓரளவு சொல்லிடலாம். ஏரியா டீமுக்கு அதுதான் முதல் டேபிள்.

ஞாயித்துக்கிழமை என்ன ஆச்சுன்னு கண்டிப்பா ஒரு வாய்ஸ் மெசேஜ் போடுங்க. மத்தவங்களும் உங்க ஏரியா கோச் பத்தி சொல்லுங்க. பேர் வேணாம், கதை போதும். அடுத்த வாரம் பார்ப்போம்.